வீட்டுத் தாள்

பள்ளிக்கூடம் திறக்க ஒன்பது நாள் இருந்தது. அந்தத் தையல் கடையில் நீலத்தைத் தவிர வேறு நிறமே இல்லாமல் போயிருந்தது. நீலப் பாவாடை, நீல அரைக்கால் சட்டை, தரையெல்லாம் நீல வெட்டுத்துண்டு. தும்மினால் கைக்குட்டையில் நீலம். "என்னை அறுத்துப் பாத்தா ரத்தம்கூட நீலமாத்தான் வரும்" என்பார் காஜாக்காரர். சட்டைக்கு ஆறு, பாவாடைக்கு ஒன்று என்று முப்பது வருஷமாகப் பித்தான் துளை போட்டுக்கொண்டிருக்கிறவர்.

மூன்று பள்ளிக்கூடத்துக்கு ஒரே கடை. ஐந்து மெஷின். வாசலோரம் வெளிச்சம் விழுகிற மெஷினில் உட்கார்ந்திருப்பவளைக் கடையில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கண்ணளவு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் படியேறிச் செருப்பைக் கழற்றுவதற்குள் தோள் இத்தனை, இடுப்பு இத்தனை என்று அவள் வாய் சொல்லிவிடும். டேப்பு வைத்துப் பார்த்தால் கால் இஞ்சு முன்பின் இருக்காது. காஜாக்காரர் இந்த விஷயத்தில் புது ஆட்களோடு பந்தயம் கட்டி எத்தனையோ டீ ஜெயித்திருக்கிறார். ஆனாலும் முதலாளியம்மா டேப்பு வைக்காமல் விடமாட்டாள். "உன் கண்ணை நான் நம்பறேன். துணி குடுக்கறவ நம்ப வேண்டாமா?"

கண்ணளவு சொல்லச் சொல்ல அளவு நோட்டில் எழுதுவது அவள் மகள் சின்னது. பதின்மூன்று வயசு. லீவு நாளில் கடைக்கு வந்து ஊக்கு வைக்கும், பித்தான் தைக்கும், மீதி நேரத்தில் காஜாக்காரரோடு வாயடிக்கும்.

அந்த நோட்டுக்கு ஒரு முறை உண்டு. ஒரு குடும்பத்துக்கு ஒரு தாள். மேலே பெரியவர்கள், அப்புறம் பிள்ளைகள், மூத்தது முதலில், கடைசியில் மடியில் இருக்கிறது. வேலை செய்கிறவர்களுக்கும் ஆளுக்கொரு தாள் உண்டு. அதற்கு வீட்டுத் தாள் என்று பேர். அந்தத் தாளில் இருக்கிறவர்களுக்குக் கடையில் சும்மாவே தைத்துக்கொள்ளலாம். எப்போதோ ஒருத்தி தன் தெருவையே வீட்டுத் தாளில் ஏற்றிவிட்டதிலிருந்து அந்தத் தாள்களை முதலாளியம்மா தன் கண்ணால் பார்க்காமல் விடுவதில்லை.

கண்ணளவின் தாளில் மூன்று வரி. புருஷன். நான். பொண்ணு. அதற்குக் கீழே வெறும் கோடுகள்.

*

போன மாதம் ஒரு நாள் மத்தியானம் போன் வந்தது. ஒரு பெண் குரல், குழந்தைகள் இல்லத்திலிருந்து பேசுவதாகச் சொன்னது.

"உங்க பொண்ணு உங்களைப் பாக்கணும்னு ஆசைப்படறாங்க. உங்களுக்குச் சம்மதமா?"

"அவ பள்ளிக்கூடத்துல இருக்காளே" என்றாள் கண்ணளவு. "எதாவது அடிகிடி பட்டுடுச்சா?"

"நீங்க எங்க இல்லத்துல விட்ட பொண்ணும்மா" என்றது அந்தக் குரல். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அந்தப் பிள்ளையை உங்க பொண்ணு என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. கையில் இருந்த பாவாடையைக் கீழே வைத்துவிட்டு, "சம்மதம்" என்றாள். ஒரே வார்த்தை. குரல் நடுங்காமல் வந்ததில் அவளுக்கே திருப்தி.

அந்தப் பிள்ளை பிறந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயசு. வேலை கிடைத்ததும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று போனவன் போனவன்தான். ஆஸ்பத்திரியில் வார்டு வேலை செய்கிற அக்காதான் பிரசவம் பார்க்க வைத்தாள், அக்காதான் இல்லத்துக்கும் கூட்டிப் போனாள். பிள்ளை ஒன்றே முக்கால் கிலோ. கடைசி நாளில் கண்ணளவு அதைக் கையால் அளந்து பார்த்தாள். தலையிலிருந்து குதிகால் வரை இரண்டு சாணும் நாலு விரலும். அதுதான் முதல் அளவு. பிள்ளையை ஒப்படைக்கிற காகிதத்தில் பெருவிரலை உருட்ட வந்தவர்களிடம், "எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்" என்று சொல்லிப் பேனாவை வாங்கி முழுப் பேரையும் எழுதினாள்.

காமாலை என்று கடையில் சொல்லி மூன்று மாதம் வராமல் இருந்தவள், கையெழுத்துப் போட்ட மூன்றாம் நாள் கடைக்கு வந்துவிட்டாள். இதே மாதிரி பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாகக் கனத்தது. ரவிக்கைக்குள் வெட்டுத்துண்டுகளைத் திணித்துக்கொண்டு மெஷினை மிதித்தாள். ராத்திரி அவிழ்த்துப் பார்த்தால் சாயம் இறங்கி மார்பெல்லாம் நீலம். தேய்த்துத் தேய்த்துக் குளித்தும் ஒரு வாரம் போகவில்லை. அழுதுகொண்டே தைத்தேன் என்று கதை சொல்ல அவளுக்குப் பிடிக்காது. அன்றைக்குப் பதினாறு பாவாடை தைத்தாள். ஒன்றைக்கூடப் பிரித்துத் தைக்க வேண்டி வரவில்லை. அதைத்தான் அவள் ஞாபகம் வைத்திருந்தாள்.

மனசு மாறினால் அறுபது நாளுக்குள் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். ஐம்பத்தெட்டாம் நாள் இல்லத்தின் வாசல் வரை போனாள். உள்ளே கொடியில் சின்னச் சின்னச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. எல்லாமே மோசமான தையல். ஒன்றில் கழுத்துப்பட்டி கோணலாக இருந்தது. கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு அந்தக் கோணலையே பார்த்தபடி நின்றாள். திரும்பிப் போனால் அக்கா வீட்டு ஒற்றை அறை. ஏற்கெனவே ஏழு பேர். பிள்ளையை யார் மடியில் விட்டுவிட்டு மெஷினில் உட்காருவது? துணிகள் காய்ந்து யாரோ எடுத்துப் போகிறவரை நின்றுவிட்டு வந்துவிட்டாள்.

அப்புறம் ஒவ்வொரு வருஷமும் பள்ளிக்கூட அளவுப் பட்டியலைப் பார்க்கும்போது அவள் மனசு ஒரு கணக்குப் போடும். இந்த வருஷம் ஒன்றாம் வகுப்பு, இருபத்திரண்டு இஞ்சு. இந்த வருஷம் ஐந்தாவது. குறைமாதப் பிள்ளை, ஒரு அளவு குறைத்துக்கொள். பன்னிரண்டாம் வகுப்போடு பட்டியல் முடிந்துவிட்டது. அதற்கு மேல் அவளே ஏற்றிக்கொண்டு போனாள்.

*

"கடை இருக்கற இடத்தையெல்லாமா எழுதிக் குடுத்த?" அக்கா சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை. தங்கை வீட்டில் சாப்பிட்டுவிட்டுச் சண்டையும் போட்டுவிட்டுப் போவது அவள் வழக்கம். சின்னது பக்கத்து வீட்டுக்கு டிவி பார்க்கப் போயிருந்தது.

"இல்லத்து மேடம் பொண்ணுக்கு ஒரு காயிதம் எழுதித் தரச் சொன்னாங்க. தண்ணித் தொட்டிக்கு எதிர்க் கடையில, வாசலோர மெஷின்ல மூணு பள்ளிக்கூடத்துக்குத் தைக்கறேன்னு எழுதினேன். நான் என்ன செய்யறவன்னு அவளுக்குத் தெரிய வேண்டாமா?"

"பெரிய கலெக்டர் வேலை! நாளைக்கே அவ கடைக்கு வந்து நின்னா என்ன பண்ணுவ? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமாடி? வர்ற சனிக்கிழமை வரச் சொல்லியிருக்காங்கல்ல, இல்லத்துக்குப் போ. பாரு. மன்னிச்சிடும்மான்னு ஒரு வார்த்தை சொல்லு. வந்துடு."

"மன்னிப்பா? எதுக்கு?"

"தொலைச்சவதானே நீ."

"தொலைக்கலக்கா. குடுத்தேன்."

சொன்னதும் அவளுக்கே உள்ளே ஏதோ இடறியது. கையில் ஒன்றுமில்லாதவள் எதை எடுத்துக் கொடுத்துவிட முடியும்? குடுத்தேன் என்பது முழு உண்மை இல்லை. ஆனால் தொலைத்தேன் என்பதைவிட உண்மைக்குக் கிட்ட இருந்தது. அதை விட்டுவிட்டால் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

"அடேங்கப்பா, தர்மப் பிரபு!" என்றாள் அக்கா. "அப்படிக் குடுத்தவ எதுக்குடி பதினோரு நாளா அந்தச் சட்டையைத் தச்சுத் தச்சுப் பிரிக்கற?"

கண்ணளவு அக்காவின் தட்டை எடுத்து வைத்தாள். பாதாமி நிறத்தில் ஒரு டாப்ஸ். தோள் பதினாலு, மார்பு முப்பத்திரண்டு. அவள் கணக்கு அப்படித்தான் சொன்னது. பள்ளிக்கூடத் துணி தைக்கிறவள் பழக்கத்தில் உள்தையலில் இரண்டு இஞ்சு விட்டுத்தான் தைத்திருந்தாள், பிள்ளை வளர்ந்தால் பிரித்துவிடுவதற்கு.

அவள் புருஷன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். பம்ப்பு ரிப்பேர் செய்கிறவன். பெண் பார்க்க வந்த அன்றைக்கே இவள் தன் வாயால் எல்லாம் சொல்லியிருந்தாள். அவன் யோசித்துவிட்டு, "மறைக்காம சொன்னியே, அது போதும்" என்று சொன்னவன்.

"இந்த வீட்டு ஆம்பளை எதாவது பேசறாரா பாரு" என்றாள் அக்கா.

"நான் பம்ப்பு பாக்கறவன் அண்ணி. அடைச்சு வச்சா ஒரு நாள் வெடிக்கும். அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

"வெடிக்கட்டும், சின்னதுக்குக் கல்யாணம் ஆனப்பறம் வெடிக்கட்டும். அதுக்குத் தெரியக் கூடாது. கடையிலயும் தெரியக் கூடாது. சத்தியம் பண்ணு."

"தெரியாம பாத்துக்கறேன்" என்றாள் கண்ணளவு.

சத்தியம் பண்ணவில்லை. ஆனால் வாக்கு வாக்குதான். பிள்ளைங்க எத்தனை என்று யார் கேட்டாலும் ஒண்ணு என்று சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழகிவிட்டது. ரேஷனில் ஒண்ணு. பள்ளிக்கூடத்தில் ஒண்ணு. பஸ்ஸில் பக்கத்து ஸீட்டுக்காரியிடம்கூட ஒண்ணு. சின்னதைப் பெறப் போனபோது மட்டும், முதல் பிரசவமா என்று நர்ஸ் கேட்டதற்கு, "ரெண்டாவது" என்றாள். வலியிலும் அதைச் சொல்ல இனித்தது.

*

வியாழக்கிழமை மத்தியானம் கரண்ட் போயிற்று. மின்விசிறி நின்றதும் நீலத் தூசி அப்படியே அந்தரத்தில் நின்றது. வெளியே தார் ரோடு வெயிலில் இளகிக் கிடந்தது. எல்லோருக்கும் டீ வந்தது.

"கரண்டு போனா முதலாளியம்மா மூஞ்சியும் போயிடுது" என்றார் காஜாக்காரர்.

"உங்க வாய்க்கு ஒரு காஜா போட்டுப் பித்தான் மாட்டினா தேவலை" என்றது சின்னது.

அப்போது குடையை மடக்கிக்கொண்டு ஒரு பெண் படியேறினாள். நல்ல உயரம். நல்ல அகலம். கையில் ஒரு துணிப் பை.

"சொல்லு சொல்லு" என்று காஜாக்காரர் கண்ணைக் காட்டினார். "தோள் எவ்வளவு?"

கண்ணளவு வழக்கம்போல வாயைத் திறந்தாள். "தோள்…" என்றாள். எண் வரவில்லை.

அந்தப் பெண் குனிந்து செருப்பைக் கழற்றி நிமிர்ந்தபோது, துப்பட்டா இடது தோளிலிருந்து சரிந்தது. தன்னையறியாமல் அதை ஏற்றிவிட்டுக்கொண்டாள். மறுபடி சரிந்தது. இடது தோள் அரை இஞ்சு இறக்கம். வேறு யாருக்கும் கண்ணில் படாது. கண்ணளவு இருபத்தைந்து வருஷமாகத் தன் ரவிக்கையில் அந்த இடத்தில் உள்ளே ஒரு மடிப்பு வைத்துத் தைத்துக்கொள்கிறவள்.

"என்ன கண்ணளவு, கண்ணு கட்டிடுச்சா?" என்றார் காஜாக்காரர்.

"டாப்ஸ் ஒண்ணு தைக்கணும்" என்றாள் அந்தப் பெண். சொன்னது முதலாளியம்மாவிடம். பார்த்தது வாசலோர மெஷினை.

அவள் வேவு பார்க்க வந்திருக்கிறாள் என்பது கண்ணளவுக்குப் புரிந்தது. சனிக்கிழமைக்கு முன்னால், எதிராளிக்குத் தெரியாமல் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று. இவள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன் என்று நினைத்தாள். கோபம் வரவில்லை. எழுந்தாள். டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தாள்.

"வாம்மா. இப்படி வெளிச்சத்துல நில்லு."

சின்னது பென்சிலோடு நோட்டைத் திறந்தது.

தோளில் டேப்பு வைத்தாள். "பதினஞ்சரை."

தான் போட்ட கணக்கு பதினாலு. டேப்பைக் கை இடுக்குக்குக் கீழே விட்டுச் சுற்றி இழுத்தாள். பெண்ணின் மூச்சு வேகமாக ஏறி இறங்குவது டேப்பில் தெரிந்தது. "மூச்சை விடு. இழுத்துப் பிடிக்காத. மார்பு முப்பத்தெட்டு."

முப்பத்தெட்டு! ஒன்றே முக்கால் கிலோ பிள்ளை. மெலிவாகத்தான் இருப்பாள் என்று வருஷா வருஷம் ஒரு அளவு குறைத்துக்கொண்டே வந்தாளே, அந்தக் கணக்கு முழுக்கத் தப்பு. முட்டையும் பாலும் கறியும் எவளோ ஒருத்தி பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கிறாள். ஓடி விளையாட விட்டிருக்கிறாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒவ்வொரு அளவும் அவள் கணக்கைத் தாண்டிக்கொண்டு போகப்போக, நெஞ்சுக்குள் ஏதோ நிமிர்ந்துகொண்டே போயிற்று.

"கையைத் தூக்கு. கை நீளம் இருபத்திரண்டு."

"ஏம்மா இவ்வளவு மெதுவா சொல்ற? தூக்கமா?" என்றது சின்னது.

"இடது தோள் அரை இஞ்சு இறக்கம். எழுதிக்கோ."

"ஐயோ, உனக்கு மாதிரியே!" என்றது சின்னது, எழுதுவதற்குப் புதுத் தாளைப் புரட்டிக்கொண்டே. "புதுசுதானே? பேரு சொல்லுங்கக்கா."

அக்கா என்றது. யாரைப் பார்த்தாலும் அக்கா என்கிற பிள்ளை அது.

அந்தப் பெண் துணிப் பையைக் கை மாற்றிக்கொண்டாள். கண் ஒரு தரம் சின்னதைப் பார்த்தது, ஒரு தரம் கண்ணளவைப் பார்த்தது. ஏதோ ஒரு பேரைத் தேடுகிறாள். பொய்ப் பேர். பெற்றவளுக்குச் சங்கடம் வரக் கூடாதென்று அவள் ஒரு பொய்யைத் தேடிக்கொண்டிருந்தாள்.

கண்ணளவுக்கு அது பொறுக்கவில்லை. நான் ஒண்ணு ஒண்ணு என்று சொன்னது போதாதா, இவள் வேறு எனக்காகப் பொய் சொல்ல வேண்டுமா? என் பிள்ளை என் கடைப் படியேறி வந்து எதற்காக இன்னொரு பேரில் நிற்க வேண்டும்?

"புதுத் தாள் வேண்டாம்" என்றாள். "நம்ம வீட்டுத் தாள்ல எழுது."

"நம்ம தாள்லயா?"

முதலாளியம்மாவின் காது அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் எந்தத் தூக்கத்திலும் விழித்துக்கொள்ளும். "ஏய், வீட்டுத் தாள்ல யாரை ஏத்தற? யாரிது? உன் அக்கா பொண்ணா?"

தலையை ஆட்டினால் போதும். அக்கா பொண்ணு என்றால் யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். அக்காவுக்குக் கொடுத்த வாக்கும் நிற்கும். அந்தப் பெண்கூட லேசாகத் தலையை ஆட்டத் தொடங்கிவிட்டாள்.

"இல்ல" என்றாள் கண்ணளவு. "என் பொண்ணு. மூத்தவ."

காஜாக்காரரின் டீ கிளாஸ் வாய்க்குப் பக்கத்தில் அப்படியே நின்றது. ரோட்டில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது.

"எனக்குப் பிள்ளைங்க ரெண்டு" என்றாள். சத்தமாகவே சொன்னாள். "பத்தொம்பது வயசுல இவளைப் பெத்தேன். அப்ப வளர்க்க வழியில்ல. இல்லத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். வாங்கினவங்க எப்படி வளத்திருக்காங்க பாருங்க. பாருங்கம்மா, அந்தத் தோளைப் பாருங்க!"

அந்தப் பெண் துப்பட்டாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்துவிட்டது. "உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"நீ செருப்பைக் கழட்டறப்ப."

முதலாளியம்மா எழுந்து வந்தாள். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். பெண்ணைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள். சின்னது கையில் பென்சில் வீட்டுத் தாளின் நாலாவது கோட்டில் நின்றிருந்தது.

"என்ன எழுத்து இது?" என்றாள் முதலாளியம்மா. "மூத்தவன்னா சின்னவளுக்குக் கீழ எழுதுவாங்களா? வரிசைன்னு ஒண்ணு இல்ல? இத்தனை வருஷம் நோட்டு எழுதி இதுகூடத் தெரியல. கிழிச்சுட்டு வேற தாள்ல ஒழுங்கா எழுது."

சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"கீழயே இருக்கட்டுமே" என்றாள் மூத்தவள் மெல்ல.

"அதெல்லாம் வேண்டாம். வரிசைன்னா வரிசைதான்" என்றது சின்னது. யார் முகத்தையும் பார்க்கவில்லை. "பதிமூணு வருஷமா நான் மூணாவது. இப்ப நாலாவது. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

கண்ணளவு அதன் பக்கத்தில் போய் நின்றாள். தலையைத் தடவக் கை போயிற்று. சின்னது நகர்ந்துகொண்டது.

"தப்புதான்" என்றாள் அவள். "குடுத்தது தப்புன்னு நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உங்கிட்டச் சொல்லாம இருந்தது தப்பு."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"உன் அப்பாகிட்ட நான் பேசின முதல் பேச்சே அதுதான்."

சின்னது மூக்கை உறிஞ்சியது. பழைய தாளைக் கிழிக்காமல் மடித்துத் தன் பாவாடைப் பையில் வைத்துக்கொண்டது. புதுத் தாளில் ஸ்கேல் வைத்துக் கோடு போட ஆரம்பித்தது.

கண்ணளவு மெஷினுக்கு அடியிலிருந்து பையை எடுத்தாள். "சனிக்கிழமை தரணும்னு தச்சேன்."

மூத்தவள் அந்தப் பாதாமி டாப்ஸை உதறித் தன் மேல் வைத்துப் பார்த்தாள். அது தோளுக்குத் தோள் எட்டவில்லை. உள்ளே விட்ட இரண்டு இஞ்சையும் பிரித்தாலும் எட்டாது.

"கண்ணளவுன்னு பேரு!" டாப்ஸின் மேல் டேப்பை ஓட்டிப் பார்த்த காஜாக்காரருக்கு இப்போதுதான் பேச்சு வந்தது. "மார்புல ஆறு இஞ்சு தப்பு! ஆறு இஞ்சு! இந்தக் கடை சரித்திரத்துலயே இல்ல. எனக்கு ஒரு டீ வாங்கித் தரணும் நீ."

"எல்லாருக்கும் வாங்கித் தரேன்" என்றாள் கண்ணளவு. வாழ்க்கையில் முதல் தடவை அளவு தப்பியிருக்கிறது. அதைப் போல அவளுக்குப் பெருமை தந்த அளவு வேறொன்று இல்லை.

மூத்தவள் சிரிப்பும் அழுகையுமாகக் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். "அம்மா வந்திருக்காங்க. எதிர்ல, டீக்கடை நிழல்ல. நீ மட்டும் போய்ட்டு வான்னாங்க."

அம்மா என்ற சொல் கண்ணளவுக்குள் ஒரு ஊசி போல இறங்கி, ஊசி போலவே மறுபக்கம் போயிற்று. தையல் உறுதியாக நின்றது.

"இந்த வெயில்லயா நிக்க வச்ச? உன்னை வளத்தவங்களை?"

"எங்க போற? இன்னும் நாப்பது பாவாடை கெடக்கு!" என்றாள் முதலாளியம்மா, பழக்கத்தில். உடனே, "சரி சரி, கூட்டிட்டு வா. நாற்காலியைத் தொடைச்சு வைக்கறேன்" என்றாள்.

வாசலில் கண்ணளவு ஒரு கணம் நின்றாள். கையெல்லாம் சாக்கட்டியும் நீலமும். புடவையில் நூல் பிசிறு. துடைத்துக்கொள்ளலாமா என்று நினைத்தாள். வேண்டாம் என்று விட்டுவிட்டாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம், குள்ளமாக, கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இந்தக் கடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்துபோயிருந்தாள். பாவம், பறித்துக்கொள்வார்களோ என்ற பயம். கண்ணளவுக்கு அந்தப் பயத்தின் அளவு தெரியும். டேப்பு வேண்டாம்.

டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். முதுகுக்குப் பின்னால் சின்னது, எழுதுகிறதைக் கடை முழுக்கக் கேட்கும்படி வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தது. இன்னும் கோபம் தீராத குரல். ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது.

"ஒண்ணு, புருஷன். ரெண்டு, நான். மூணு, மூத்த பொண்ணு. தோள் பதினஞ்சரை. மார்பு முப்பத்தெட்டு. இடது தோள், அரை இஞ்சு இறக்கம்."